கரையோரம் ஒரு சாண் தண்ணீர் இருக்கட்டும்

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள், காலை ஆறரை மணி இருக்கும். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, பேங்குல பணம் எண்ணுன கை சும்மா இருக்க மாட்டேங்குதா? கொக்கை எண்ணிக்கிட்டு நிக்கிற?"

சிரித்துவிட்டேன். அவர் விடவில்லை. "எண்றதுக்கு இப்ப என்ன இருக்குது? அந்த மேக்கால ஓரத்துச் சேத்துல எலிக்குஞ்சாட்டம் குட்டிகுட்டியா ஓடிக்கிட்டே கெடக்குமே, அதெல்லாம் குழி வெட்டுனதுக்கப்புறம் வர்றதே இல்ல" என்றார்.

அவர் சொன்ன எலிக்குஞ்சுக்குப் பெயர் கொசு உள்ளான். அந்த ஏரியில் பொக்லைன் வேலை நடப்பதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரே காலையில் 31 வகைப் பறவைகளை எழுதியிருக்கிறேன். வேலை முடிந்த பிறகு வந்த கார்த்திகையில் 13. நான் நோட்டுப் போட்டு, கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்ததை, அவர் ஆட்டுக்குப் பின்னால் நடந்தே தெரிந்து வைத்திருந்தார்.

உழவர் நண்பர்களே, ஏரியைத் தூர்வாரக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனக்காரன்தான். ஏரி நிறைந்தால்தான் என் கிணறு ஊறும். தூர்வார வேண்டும், ஆனால் எப்படி வாருகிறோம் என்பதில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. அடுத்த கோடையில் எங்கள் ஊர் ஏரிக்கும் பொக்லைன் வரப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஐப்பசியில் வரும் விருந்தாளிகள்

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததைக் கூதிர்காலம் என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். வாடைக்காற்று தொடங்கும் காலம். வடக்கே குளிர் இறங்க இறங்க, அங்கிருந்து பறவைகள் கிளம்பி நம் ஏரிகளுக்கு வருவதும் இந்தச் சமயத்தில்தான். இப்படிப் போய் வருவதை வலசை என்கிறோம். எங்கள் பக்கத்தில் வலசையூர் என்று ஒரு ஊரே இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பறவைகள் ஞாபகம்தான் வரும்.

கொசு உள்ளான் நம் சிட்டுக்குருவி அளவுதான். எடை 25 கிராம் சுமார். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய பனிச் சமவெளியில். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, நம் ஏரியின் சேற்றில் புழு பொறுக்க வருகிறது. பொரி உள்ளான், பச்சைக்காலி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். வாத்துகளில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வருகின்றன. வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வாலாட்டி, மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வேலி முள்ளில் ஒற்றையாக உட்கார்ந்து கத்தும் பழுப்புக் கீச்சான், வயலுக்கு மேல் தாழப் பறந்து எலி தேடும் பூனைப்பருந்து, இதெல்லாமும் இந்த மாதங்களில் வருபவைதான். இவை வந்து போகும் வானவழிக்கு மத்திய ஆசியப் பறக்கும் பாதை என்று பெயர். முப்பது நாடுகள் இந்தப் பாதையில் இருக்கின்றன. அதில் நம் ஊர் ஏரியும் ஒரு சத்திரம்.

இங்கேயே இருக்கும் முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, புள்ளிமூக்கு வாத்து, மடையான், நீர்க்காகம் ஆகியவற்றுக்கும் இதுதான் நல்ல காலம். மழைத் தண்ணீர் ஏரியில் விரிந்து நிற்கும், மீன்குஞ்சு, நத்தை, தவளை எதற்கும் பஞ்சமிருக்காது.

2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை என்று ஒரு அறிக்கை வந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துகொண்டே வருவதாக அது சொல்கிறது. குறைந்தவற்றில் வலசை வரும் வாத்துகளும் உள்ளான் வகைகளும் முக்கியமானவை. இந்த அறிக்கைக்கு அடிப்படை என்ன தெரியுமா? நாடு முழுவதும் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் எழுதிப் பதிவேற்றிய 3 கோடி குறிப்புகள். பெரும்பாலும் நம்மைப் போல நோட்டோடு நின்றவர்கள்.

ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆழம்

பறவையின் காலையும் மூக்கையும் பார்த்தாலே அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்துவிடும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு, மிஞ்சிப்போனால் இரண்டு விரல் தண்ணீர். பொரி உள்ளானுக்கு நான்கு விரல். நீண்ட சிவப்புக் காலுள்ள பவளக்காலிக்கு ஒரு சாண். நாரைக்கு முழங்கால் அளவு. தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துக்கு ஒரு முழம். முங்கி மீன் பிடிக்கும் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் ஆழத் தண்ணீர்.

பழைய ஏரியின் அமைப்பு இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. கரையை ஒட்டி, மதகுப் பக்கம் ஆழம். அங்கிருந்து நீர் வரும் திசை நோக்கிப் படிப்படியாக மேடு. கடைசியில் புல்லும் கோரையும் சேறுமாக ஒரு நீண்ட ஓரம். தண்ணீர் வற்ற வற்ற அந்த ஓரம் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். புதிது புதிதாகச் சேறு வெளிப்படும். ஐப்பசி முதல் மாசி வரைக்கும் பறவைக்குத் தினம் ஒரு புது இலை போட்ட மாதிரி.

இப்போது நடக்கும் வேலையில் என்ன ஆகிறது? கரையோரம் எங்கே மண் நன்றாக இருக்கிறதோ அங்கே பத்தடி, பதினைந்தடிக்குச் செங்குத்தாகக் குழி. அந்தப் பக்கம் தொடவே இல்லை. இல்லாவிட்டால் ஏரி முழுவதும் தொட்டி மாதிரி நேராக வெட்டி, சுற்றிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, 'அழகுபடுத்தல்' என்று பெயர். இரண்டிலும் அந்தச் சேற்று ஓரம் காணாமல் போகிறது. தண்ணீர் தளும்ப நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான்கு நீர்க்காகம் நடுவில் மிதக்கும். மற்றது எதுவும் இறங்காது, இறங்கினால் நிற்க இடம் இல்லை.

"உங்களுக்குப் பென்ஷன் வருது சார்"

நவம்பர் 1 கிராம சபையில் இதைச் சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு தம்பி எழுந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குப் பென்ஷன் வருது, கொக்குப் பாக்கலாம். எங்களுக்குத் தண்ணி வேணும்." கூட்டம் சிரித்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வருகிற ஊர்களைப் பார்த்தவர்கள் நாம். தண்ணீரா கொக்கா என்று கேட்டால் நானும் தண்ணீர் என்றுதான் சொல்வேன்.

ஆனால் கேள்வியே அப்படி இல்லை. அன்றைக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒன்று. மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. ஆயக்கட்டுக்காரருக்கு அது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

இரண்டு. குழித் தண்ணீர் கிணற்றுக்கு ஊறும் என்பார்கள். முதல் இரண்டு மழைக்கு ஊறும், மறுக்கவில்லை. ஆனால் மழையோடு வரும் நைஸான களி எங்கே பள்ளமோ அங்கேதான் போய்ப் படியும். படிந்தால் ஊற்றுக்கண் அடையும். ஏரி முழுக்க ஓரடி, ஒன்றரையடி வண்டலைப் பரவலாக எடுத்தால் ஊறும் பரப்பு பெரிது.

மூன்று. செங்குத்துக் குழியில் மாடு இறங்கினால் ஏற முடியாது. குளிக்கப் போகும் பிள்ளைகள் முங்கிச் சாகும் செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. சரிவான ஓரம் இருந்தால் அது மாட்டுக்கும் பிள்ளைக்கும் பறவைக்கும் ஒரே மாதிரி காவல்.

நான்கு. ஏரி நிறையாததற்குக் காரணம் பெரும்பாலும் ஏரிக்குள் இல்லை. வரத்து வாய்க்காலில் இருக்கிறது. அது அடைபட்டு, ஆக்கிரமிக்கப்பட்டுக் கிடக்கும்போது தொட்டியை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? பனமரத்துப்பட்டி ஏரியைப் பாருங்கள். சேலம் நகரத்துக் குடிதண்ணீருக்காக 1911-இல் கட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. இடம் இல்லாமலா அது வருஷக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலங்காடாகக் கிடந்தது?

ஆக, பறவைக்கு ஏற்ற மாதிரி வெட்டிய ஏரி, உழவனுக்கும் ஏற்ற ஏரிதான். இரண்டும் சண்டை போடவில்லை. சண்டை போடுவது மண் லாபம்.

என் கையெழுத்தும் இருக்கிறது

அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன், அதில் பாதிக்காலம் விவசாயக் கடன் பிரிவு. போர் போடக் கடன், மோட்டாருக்குக் கடன், கிணற்றை ஆழப்படுத்தக் கடன் என்று நான் கையெழுத்துப் போட்ட பத்திரங்களுக்குக் கணக்கே இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் தண்ணீர் என்று ஆனதும் ஏரி யாருக்கும் வேண்டாததாகப் போனது. முன்பு ஊர்கூடி மதகு பார்த்தவர்கள், மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடன் வசூல் ஆனதா என்றுதான் எங்களுக்கு ஆடிட் வந்தது. ஏரி என்ன ஆனது என்று கேட்க ஒரு ஆடிட்டும் வரவில்லை.

பருத்திக்குக் கடன் போடும்போது மருந்துச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவோம். அந்த நாளில் கடைக்குக் கடை 'மோனோ' என்று விற்ற மோனோகுரோட்டோபாஸ் என்ன செய்யும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். வட அமெரிக்காவில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு அர்ஜென்டினா போகும் ஸ்வெயின்சன் பருந்து என்று ஒரு பறவை. வயலில் வெட்டுக்கிளி தின்னும். 1995-96-இல் அங்கே வெட்டுக்கிளிக்கு இந்த மருந்தை அடித்தார்கள். பருந்துகள் ஆயிரக்கணக்கில் வயலிலும் மரத்தடியிலும் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளியை இலவசமாகத் தின்ன வந்த கூலிக்காரனைக் கொன்றுவிட்டு, வெட்டுக்கிளிக்கு மருந்து வாங்கிய கதை. அந்த மருந்தை அங்கே கட்டுப்படுத்திய பிறகுதான் அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது.

நம் இயற்கை உழவர்கள் வயலில் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பறவைத் தாங்கி நடுகிறோம். கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்குகிறது. உழும்போது உண்ணிக்கொக்கு பின்னாலேயே வருகிறது. நத்தைகுத்தி நாரை நெல்வயலின் நத்தையைத் தின்கிறது. இந்தக் கூலிக்காரர்களில் பாதிப்பேர் தங்கும் வீடு ஏரிதான். வயலில் குச்சி நட்டுவிட்டு ஏரியைத் தொட்டியாக்கினால், கடையைத் திறந்து வைத்துவிட்டு வரும் வழியை அடைத்த மாதிரி.

எல்லாப் பறவையும் நமக்கு நல்லதே செய்யும் என்று பொய் சொல்லமாட்டேன். நீலத்தாழைக்கோழி நாற்றங்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மயிலால் நிலக்கடலையும் தக்காளியும் போட முடியாமல் நிலத்தைச் சும்மா போட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மயில் ஏரிப் பறவை இல்லை. அதற்கான இழப்பீட்டை நாம் தனியாகக் கேட்டுப் போராடத்தான் வேண்டும். அந்தக் கோபத்தை உள்ளான் மேல் காட்டுவதில் அர்த்தமில்லை.

முன்னே செய்து காட்டியவர்கள்

நான் சொல்வது புதுசு இல்லை. வேடந்தாங்கல் உழவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்பே செய்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கிறது என்று இன்றைக்கு நாம் சொல்கிறோம், அவர்கள் விளைச்சலில் பார்த்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்ற அரசுப் பலகை வந்தது அதற்கு ரொம்பப் பின்னால், 1936-இல். பறவையைக் காப்பாற்றியது முதலில் காடிலாகா இல்லை, ஆயக்கட்டு உழவன்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஐப்பசியில் பறவை வரும் நேரத்தில் தீபாவளியும் வருகிறதே, அதனால். பிள்ளைகளுக்கு மத்தாப்பு மட்டும்தான்.

நம் சேலத்திலேயே மூக்கனேரி இருக்கிறது. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் அதைச் சீரமைத்தபோது, அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடவில்லை. ஏரிக்குள்ளேயே சின்னச் சின்னத் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஆழமும் ஆச்சு, ஓரமும் ஆச்சு, பறவைக்கு நாய் ஏற முடியாத வீடும் ஆச்சு. ஊருக்குள் இருக்கிற ஏரியிலேயே இது முடியுமென்றால், தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஏரியில் ஏன் முடியாது?

ஜனவரி 26-க்குள்

அடுத்த கிராம சபை ஜனவரி 26. அதற்குப் பிறகு மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும், வண்டி வரும். இடையில் நாம் செய்யக்கூடியது இதுதான்.

முதலில் எண்ணுங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நோட்டும் பேனாவும் போதும். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் ஒரு மணி நேரம், கரையில் ஒரே இடத்தில் நின்று, என்ன வகை, எத்தனை, ஏரியின் எந்தப் பக்கம், எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'சிவப்புக் கால், கறுப்பு இறக்கை' என்று அடையாளம் எழுதினால் போதும், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கிட்டே போய் விரட்டாதீர்கள். டிசம்பர் 30 நம்மாழ்வார் ஐயா நினைவு நாள். அன்றைக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறோமே, அதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம் அவரவர் ஊர் ஏரிக்குப் போவோம். பொங்கல் நாட்களில் இன்னொரு முறை. 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் ஊர்க் கணக்கும் அதில் சேரட்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை. ஆடு மேய்ப்பவர்களைக் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாவது, அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானம் கொடுங்கள். அதில் நான்கு கோரிக்கை போதும். மதகு மட்டத்துக்குக் கீழே போகாமல் வண்டலைப் பரவலாக எடுக்க வேண்டும். நீர் வரும் பக்கத்து ஓரத்தில் சரிவைத் தொடாமல் விட வேண்டும், சுற்றிலும் கல் பதிக்கக் கூடாது. அள்ளும் மண்ணில் கொஞ்சத்தைத் திட்டாக விட்டு, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட வேண்டும். சீமைக்கருவேலத்தை எடுக்கும்போது கொக்கு, நாரை கூடு கட்டியிருக்கும் மரங்களை மட்டும், புது மரம் வளரும் வரை கடைசிக்கு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வரத்து வாய்க்கால்.

மூன்றாவது, வண்டல் எடுக்க உழவர்களுக்கு இலவச அனுமதி இருக்கிறது. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே வாங்கலாம். வண்டல் நம் வயலுக்குத் தங்கம். நாம் டிராக்டரில் மேலாக வழித்து எடுத்தால் ஏரி ஏரியாக இருக்கும். நாம் எடுக்காமல் விட்ட இடத்தில்தான் குழி வெட்டுகிறவன் வருகிறான்.

அந்தத் தம்பி சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் ஊர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதகிலிருந்து நீர் வரும் ஓரம் வரை நடந்தோம். அவர் பறவையைவிட மதகையும் வாய்க்காலையும்தான் அதிகம் பார்த்தார். அதுவும் சரிதான். திரும்பும்போது சேற்று ஓரத்தில் இருபது முப்பது கொசு உள்ளான் ஓடிக்கொண்டிருந்தன. "இவ்ளோ சின்னதா சார், இதா அங்கிருந்து வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதுக்கு எவ்ளோ தண்ணி வேணும்?" என்றார். இரண்டு விரலைக் காட்டினேன்.

ஜனவரி 26 அன்று தீர்மானத்தை அவரே எழுந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியல் என் நோட்டில் தயாராக இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டியலையும் தயார் செய்யுங்கள்.